கொடுக்கலாம்! கொடாமலும் இருக்கலாம்!

அமைச்சர் நிதியுதவி அளிக்கலாம் என்கிறது சட்டம். இங்கிலாந்து நாட்டு உழவர்களின் வாழ்வு இன்று அந்தச் சொற்களின் மீதுதான் நிற்கிறது. 2020 ஆம் ஆண்டின் வேளாண்மைச் சட்டம் முதற் பிரிவின் முதல் வரியிலேயே இதனைச் சொல்லிவிடுகிறது. அளிப்பார் என்று சொல்லவில்லை. அளித்தல் வேண்டும் என்று சொல்லவில்லை. அளிக்கலாம் என்று சொல்கிறது. அளிக்கலாம் என்றால் என்ன பொருள்? அளிக்காமலும் இருக்கலாம் என்பதுதானே பொருள்!

பள்ளிப் பிள்ளைகட்கு இலக்கணம் கற்பிக்கும் நாம், சொல்லின் ஈற்றிலே ஒட்டிவரும் எழுத்துகளை அற்பம் என்று கருதுவதில்லை. 'வேண்டும்' என்பது ஆள்வோரைக் கட்டும் கயிறு. 'லாம்' என்பதோ ஆள்வோரை அவிழ்த்துவிட்டு, ஆளப்படுவோரைக் கட்டும் கயிறு. முன்னதிலே குடிமகன் உரிமையாளன். பின்னதிலே அவன் இரவலன். ஒரே ஓர் ஈறு மாறியது. உழவன் நின்ற இடமும் மாறிவிட்டது.

எங்கோ இருக்கும் இங்கிலாந்து உழவனைப் பற்றி இங்கே ஏன் இத்தனை அக்கறை என்று கேட்கும் தோழர்கள் இருப்பர். சொல்கிறோம். சட்டத்தின் ஆட்சி எங்கே பிறந்தது என்று கேட்டால், படித்தவர் பலரும் விரல் நீட்டிக் காட்டுவது அந்த நாட்டைத்தான். அரசன் தலையையே சட்டத்தின் பெயரால் வாங்கிய நாடு அது. பாராளுமன்றங்களின் தாய் என்று பட்டம் சூட்டிக்கொண்ட நாடு அது. அங்கேயே ஓர் அமைச்சரின் விருப்பம் ஒரு மாலைப் பொழுதில் ஆயிரக்கணக்கான உழவர்களின் ஆண்டுத் திட்டத்தைக் குலைத்துவிட முடியும் என்றால், 'விருப்புரிமை' என்னும் அதிகாரம் எத்தகையது என்பதை நாம் ஆராயாதிருக்கலாமா? நோயை அறிய விரும்பும் மருத்துவன், உடல் வலுத்தவனிடம் அது எப்படிப் பற்றுகிறது என்றும் பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் வரலாறு. இரண்டாம் உலகப்போர் முடிந்தது. பிரிட்டனில் உணவுப் பங்கீடு முடியவில்லை. உழவன் கை ஓய்ந்தால் நாட்டின் வயிறு காயும் என்பதைப் போர் கற்பித்திருந்தது. 1947 ஆம் ஆண்டின் வேளாண்மைச் சட்டம், முக்கிய விளைபொருள்கட்கு உறுதியான விலையும் உறுதியான சந்தையும் தரும் ஏற்பாட்டைச் செய்தது. 1973 இல் பிரிட்டன் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தபின் ஐரோப்பியப் பொது வேளாண் கொள்கை வந்தது. நாளடைவில் அது நிலத்தின் பரப்பைப் பார்த்துப் பணம் தரும் முறையாக மாறிற்று. ஏக்கர் இருந்தால் பணம். ஏக்கர் மிகுந்தால் பணமும் மிகும்!

அந்தப் பழைய முறைக்காக நாம் ஒரு துளிக் கண்ணீரும் வடிக்க மாட்டோம். மானியம் பெறுவோரில் மேல்தட்டில் உள்ள பத்து விழுக்காட்டினர் மொத்தப் பணத்தில் ஏறத்தாழப் பாதியை வாரிக்கொண்டனர். அடித்தட்டில் இருந்த இருபது விழுக்காட்டினர்க்குக் கிடைத்ததோ வெறும் இரண்டு விழுக்காடு. இது 2018 இல் பிரிட்டிஷ் சர்க்காரே வெளியிட்ட கணக்கு. பிரபுக்களின் பரந்த பண்ணைகட்குப் பால்வார்க்க ஏழை எளியோரின் வரிப்பணம் ஏன் என்று கேட்டவர்கள் நேர்மையாகவே கேட்டார்கள். அந்தக் கேள்வி நம் கேள்வியுமாகும்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன், இங்கிலாந்துப் பகுதிக்குப் புதுமுறை வகுத்தது. பொதுப்பணம் பொதுநன்மைக்கே என்பது அதன் முழக்கம். நிலம் வைத்திருப்பதற்காகப் பணம் இல்லை. நிலத்தைப் பேணுவதற்காகப் பணம். மண்ணின் வளம் காத்தல், ஆற்றுநீரைத் தூய்மை கெடாது காத்தல், உயிர்வேலி வளர்த்தல், தேனீக்கும் பறவைக்கும் இடம் விடுதல், வெள்ளத்தைத் தடுத்தல், மாறிவரும் தட்பவெப்பத்துக்கு ஏற்ப வேளாண்மையை மாற்றுதல் ஆகிய நோக்கங்கள் சட்டத்திலே வரிசையாக இடம்பெற்றன. சுற்றுச்சூழல் நில மேலாண்மைத் திட்டங்கள் என்று அவற்றுக்குப் பெயரிட்டார்கள். அவற்றுள் பெருவாரி உழவர்க்கானது, நிலைத்த வேளாண்மை ஊக்கத் திட்டம்.

நோக்கம் நல்ல நோக்கம். வரவேற்கிறோம். மூடநம்பிக்கையாலன்று, ஆராய்ச்சியால் எழுந்த நோக்கம் அது. மண் என்பது வெறும் புழுதியன்று, உயிருள்ள பொருள் என்று அறிவியல் சொன்னதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் தோழர்களே, நோக்கத்தைப் பொன்னெழுத்தால் பொறித்தவர்கள் கடமையை மட்டும் எங்கே பொறித்தார்கள்? நோக்கங்கள் ஒன்பதுக்கு மேல் அடுக்கப்பட்டுள்ளன. அத்தனைக்கும் தலைவாயிலில் நிற்பது அந்த ஒற்றைச் சொல், 'அளிக்கலாம்'. எந்த நிபந்தனையின்மேல் அளிப்பது என்பதும் அமைச்சர் தகுதி என்று கருதுவதே. பல்லாண்டுத் திட்டம் ஒன்றை வகுத்து வெளியிடவேண்டிய கடமை அமைச்சர்க்கு உண்டு. ஆனால் திட்டத்தைத் தாளிலே வெளியிடுவது கடமை, அந்தத் திட்டத்தை நம்பி வருகிற உழவனுக்குப் பணம் தருவது அவர்தம் விருப்பம் என்ற விசித்திரம் நிலைத்துவிட்டது.

இந்த விசித்திரத்தின் விலை என்ன என்பதை வயலில் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். கோதுமை விதைத்த நிலத்தின் ஒரு பகுதியை ஒதுக்கிப் பல்வகைப் புல்லும் தீவனப் பயறும் கலந்து விதைப்பது என்று ஓர் உழவன் முடிவு செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். விதை வாங்கவேண்டும். அந்த நிலத்திலிருந்து வரக்கூடிய தானியத்தை இழக்கவேண்டும். மண்ணைச் சோதிக்கவேண்டும், வரைபடம் சரிபார்க்கவேண்டும், எந்தத் துண்டு நிலத்தில் எந்தப் பணி என்று விண்ணப்பத்தில் குறிக்கவேண்டும். ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்றாண்டுக்கு. அவனைப் பொறுத்தவரை இவை எல்லாம் 'வேண்டும்'! அவன் தவறினால் பணம் பிடித்தம் ஆகும், கொடுத்த பணம் திரும்பக் கேட்கப்படும். அவன் பக்கத்தில் அத்தனையும் கட்டாயம், அமைச்சர் பக்கத்தில் மட்டும் 'லாம்'! ஒரு தட்டில் பாறாங்கல்லும் மறுதட்டில் பஞ்சும் வைத்துவிட்டு, அதனைத் தராசு என்று சொல்கிறார்கள்.

2024 நவம்பரில் முதல் அடி விழுந்தது. வேலி, உயிர்வேலி, நீர்த்தொட்டி போன்றவற்றுக்கான மூலதன மானிய விண்ணப்பங்கள் திடீரென நிறுத்தப்பட்டன. அதற்குச் சற்று முன்னர், அக்டோபர் 30 ஆம் நாள் வந்த வரவுசெலவுத் திட்டத்தின் வழியே, பழைய நேரடி மானியத்தின் எஞ்சிய பகுதியும் வேகமாக வெட்டப்பட்டிருந்தது. 2025 ஆம் ஆண்டுக்கு முதல் 30,000 பவுனில் 76 விழுக்காடு வெட்டு. அதற்கு மேற்பட்ட தொகைக்கு ஒரு காசும் இல்லை. பழைய முறை ஒழியவேண்டியதே. ஆனால் பழைய வீட்டின் கூரையைப் பிரிப்பவர்கள், புதுவீட்டின் கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டாமா? "கவலை வேண்டாம், புதுத்திட்டம் இருக்கிறது, வாருங்கள்" என்று அழைத்தார்கள். உழவர்கள் வந்தார்கள்.

2025 மார்ச் 11 ஆம் நாள், மாலைப் பொழுதிலே கதவு சாத்தப்பட்டது! நிலைத்த வேளாண்மை ஊக்கத் திட்டத்துக்குப் புது விண்ணப்பங்கள் இனி ஏற்கப்படா என்று அறிவித்துவிட்டனர். முன்னறிவிப்பு இல்லை. மூடுவதானால் ஆறு வார அவகாசம் தரப்படும் என்ற நம்பிக்கையை உழவர்க்கு முன்னரே ஊட்டியிருந்ததும் அதே துறைதான். அந்த ஆறு வாரம் எங்கே போயிற்று? ஆறு நாளாவது கொடுத்தார்களா? விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி, நிலத்தின் வரைபடத் திருத்தத்துக்காகக் காத்திருந்தவனுக்கு, மறுநாள் காலைவரைகூட நேரம் தரப்படவில்லை.

துறையின் வாதத்தையும் கேட்போம். எதிரியின் வாதத்தைக் கேளாமல் தீர்ப்புக் கூறுவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. 2024 முதல் 2026 வரையிலான ஈராண்டுக்கு இத்திட்டத்துக்கு ஒதுக்கியது 105 கோடி பவுன். அது முழுதும் ஒப்பந்தங்கட்குப் போய்விட்டது. 37,000 ஒப்பந்தங்கள் அப்போது நடப்பில் இருந்தன. ஏற்கெனவே ஒப்பந்தம் பெற்றவர்க்கும் விண்ணப்பத்தை முறைப்படி அனுப்பிவிட்டவர்க்கும் பணம் உண்டு என்றது துறை. முன்கூட்டியே சொல்லியிருந்தால் அத்தனை பேரும் முண்டியடித்து வந்திருப்பர், பை கிழிந்திருக்கும் என்று துறைக்காகப் பரிந்து பேசுவோரும் உண்டு.

பைக்கு அடி உண்டு என்பதை மறுக்கவில்லை. அள்ள அள்ளக் குறையாத அட்சய பாத்திரம் புராணத்தில்தான் உண்டு, கருவூலத்தில் இல்லை. ஆனால் பை கையில் இருப்பவர்க்குத்தானே அதன் அடி எப்போது தெரியும் என்பது தெரியும்! நூற்றைந்து கோடியும் ஓர் இரவில் மாயமாக மறைந்ததா? வாரந்தோறும் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை பணம் ஒதுக்கப்பட்டது என்ற கணக்கு துறையின் மேசையில் இருந்தது. பாதி தீர்ந்தது, முக்கால் தீர்ந்தது, இன்னும் இவ்வளவே மிச்சம் என்று மாதம் ஒருமுறை பலகையில் எழுதிப் போட்டிருந்தால் பை கிழிந்திருக்குமா? பேருந்தில் இடம் தீர்ந்தால் "இடமில்லை" என்று நடத்துநர் நிறுத்தத்திலேயே சொல்கிறார். ஏறச்சொல்லிப் படியில் கால் வைத்தபின் தள்ளிவிடுவதில்லை.

இன்னும் ஒன்றைக் கேளுங்கள். இதே வேளாண் ஒதுக்கீட்டில் 35 கோடியே 80 இலட்சம் பவுன் முந்தைய ஆண்டுகளில் செலவழிக்கப்படாமலே கிடந்தது என்று 2024 இல் வந்த புது அமைச்சரே அறிவித்தார். அன்று பணம் இருந்தது. வழங்கும் வழி இல்லை. இன்று வழி இருந்தது. பணம் இல்லை என்றார்கள். பணம் கிடந்த நாளில் உழவன் பொறுத்தான். பணம் தீர்ந்த நாளிலும் உழவனே பொறுக்கவேண்டும்! ஒரு கட்சியின் ஆட்சியில் தேங்கியது, மறு கட்சியின் ஆட்சியில் தீர்ந்தது. கட்சி மாறிற்று, சட்டத்தின் 'லாம்' மாறவில்லை. ஆகவேதான், ஓர் அமைச்சரைக் குறைகூறி மனநிறைவு கொள்ள நாம் ஆயத்தமாக இல்லை. ஆள் அல்ல, அமைப்பே குற்றவாளி.

இந்த அமைப்பில் அடிபடுகிறவர் யார்? முந்தி வந்தவர்க்கு முதலிடம் என்பது காதுக்குச் சமநீதிபோல் ஒலிக்கிறது. முந்தி வரக்கூடியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். கணக்கர் வைத்திருப்பவர், ஆலோசகரை அமர்த்தியவர், விண்ணப்பம் நிரப்புவதற்கென்றே ஆள் வைத்திருக்கும் பெரும்பண்ணையார் முந்துகிறார். மலைச்சரிவிலே ஆட்டுமந்தையோடு அலைகிறவன், ஈற்றுக்காலத்தில் இரவெல்லாம் குட்டிகளைக் காத்துக் கண்விழிப்பவன், விளக்கேற்றிய பிறகு கணினிமுன் அமரும் சிற்றுழவன் பிந்துகிறான். மார்ச்சு மாதம் அங்கே ஆடுகள் ஈனும் பருவம்! இங்கிலாந்தின் வேளாண் நிலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குத்தகை நிலம். குத்தகைப் பணம் நாள் தவறாமல் கட்டவேண்டும். அதில் 'லாம்' இல்லை. பழைய திட்டத்தின் ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு, புதியதற்கு மாறக் காத்திருந்தவர் பலர். காத்திருந்ததே அவர்கள் செய்த குற்றமாயிற்று.

இதற்கிடையே நடந்த ஒரு நிகழ்ச்சி, இந்த அதிகாரத்தின் இலட்சணத்தை வெட்டவெளிச்சமாக்குகிறது. விண்ணப்பத்தைத் தொடங்கி முடிக்காதிருந்தவர்கட்கு, கணினித் திரையில் ஒரு செய்தி காட்டப்பட்டிருந்தது. திட்டம் மூடப்பட்டாலும், தொடங்கிய விண்ணப்பத்தை அனுப்ப இரண்டு மாத அவகாசம் உண்டு என்பது அச்செய்தி. தேசிய உழவர் சங்கம் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 2025 மே மாதம் துறை இறங்கிவந்தது. மூடுவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கியிருந்த ஏறத்தாழ 3,000 பேர் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றது. அதிலும் ஆண்டுக்கு 9,300 பவுனுக்கு மேல் இல்லை என்று வரம்பு கட்டியது.

சிந்தித்துப் பாருங்கள் தோழர்களே! சட்டம் காப்பாற்றவில்லை, சட்டம் இயற்றிய பாராளுமன்றம் காப்பாற்றவில்லை, ஒன்பதுக்கு மேற்பட்ட உன்னத நோக்கங்களும் காப்பாற்றவில்லை. எவரோ ஓர் அலுவலர் கணினியில் எழுதிவைத்த ஒரு வரி காப்பாற்றியது! அந்த ஒரு வரி இல்லாதிருந்தால்? மூவாயிரம் பேரும் வெறுங்கையோடு நின்றிருப்பர். கணினியைத் தொட்டவனுக்கு ஒரு நீதி. தொடுவதற்காக வரைபடம் தேடிக்கொண்டிருந்தவனுக்கு வேறொரு நீதி. தற்செயலை நம்பி வாழ்வது மக்களாட்சியின் குடிமகனுக்கு ஏற்றதா? சீட்டுக் குலுக்கலுக்கும் இதற்கும் வேற்றுமை என்ன?

விருப்புரிமை கெட்டவர் கையில்தான் கெடும், நல்லவர் கையில் நன்மையே தரும் என்று சிலர் நினைக்கின்றனர். இங்கிலாந்தின் சொந்த வரலாறே இதற்கு விடை சொல்கிறது. டார்செட் மாவட்டத்தில் கிரிச்செல் டவுன் என்ற இடத்தில் 725 ஏக்கர் நிலத்தை, குண்டுவீச்சுப் பயிற்சிக்கென 1938 இல் விமானத்துறை வாங்கிற்று. தேவை தீர்ந்ததும் நிலம் உரியவர்க்கே முதலில் தரப்படும் என்று 1941 இல் பாராளுமன்றத்தில் சர்ச்சில் உறுதி கூறினார். போர் முடிந்தது, நிலம் வேளாண்மைத் துறையின் கைக்குப் போயிற்று. முன்னைய உரிமையாளர் குடும்பத்தினர் கேட்டனர்; மறுக்கப்பட்டது. அக்கம்பக்கத்து உழவர்கள் குத்தகைக்குக் கேட்டனர். வாய்ப்புத் தருவோம் என்று சொல்லியும் தராது, தாம் வகுத்த வழியிலேயே அதிகாரிகள் நடந்தனர். விவகாரம் வெடித்தது, விசாரணை வந்தது, 1954 ஜூலையில் வேளாண்மை அமைச்சர் தாமஸ் டக்டேல் பதவி விலகினார்.

அந்த விசாரணையில் வெளிப்பட்ட மிகப்பெரிய உண்மை எது தெரியுமா? எவரும் இலஞ்சம் வாங்கவில்லை என்பதுதான்! எந்த அதிகாரியும் தன் பையில் ஒரு பென்னியும் போட்டுக்கொள்ளவில்லை. நிலத்துக்கு எது நல்லது என்பது உழுகிறவனைவிடத் தமக்கே நன்கு தெரியும் என்று நம்பினார்கள், அவ்வளவே. கைச்சுத்தம் இருந்தது, கண்சுத்தம் இல்லை. ஊழலை ஒழித்துவிட்டால் அநீதி ஒழிந்துவிடும் என்று எண்ணுவோர் இந்தப் பாடத்தை மறக்கக் கூடாது. கேள்வி கேட்கப்படாத அதிகாரம், யோக்கியன் கையில் இருந்தாலும் கொடுங்கோலே.

அடுத்து 1968. தென்கிழக்கு இங்கிலாந்தின் பால் உற்பத்தியாளர்கள், தமக்குத் தரப்படும் பால்விலை நியாயமானதன்று என்று முறையிட்டனர். முறையீட்டை விசாரணைக் குழுவுக்கு அனுப்பும் அதிகாரம் வேளாண்மை அமைச்சரிடம் இருந்தது. அனுப்ப மறுத்தார். "அனுப்புவதும் அனுப்பாததும் என் விருப்பம்" என்பதே அவர் நிலை. பேட்பீல்டு வழக்கு என்று பெயர்பெற்ற அந்த வழக்கு பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் போயிற்று. அவர்கள் வழங்கிய தீர்ப்பு, சட்ட உலகில் இன்றும் நிலைத்து நிற்கிறது. எந்த அதிகாரமும் எல்லையற்றதன்று. சட்டம் எந்த நோக்கத்துக்காக அதிகாரம் கொடுத்ததோ, அந்த நோக்கத்தை நிறைவேற்றவே அதைப் பயன்படுத்தவேண்டும். நோக்கத்தைக் குலைக்கப் பயன்படுத்தக் கூடாது. நம் நாட்டு உச்சநீதிமன்றமும் எடுத்தாண்ட தீர்ப்பு இது. 'லாம்' என்ற சொல்லுக்கு நீதிமன்றம் போட்ட மூக்கணாங்கயிறு என்று இதனைச் சொல்லலாம்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. சட்டப் புத்தகங்களில் அடிக்குறிப்பாக ஒதுங்கிக் கிடக்கும் முடிவைக் கேளுங்கள். முறையீடு விசாரணைக் குழுவுக்குப் போயிற்று. குழு பால் உற்பத்தியாளர்க்குச் சாதகமாகவே முடிவு சொன்னது. அமைச்சரோ அந்த முடிவை நிறைவேற்ற மறுத்துவிட்டார்! நிறைவேற்றுவதும் அவர் விருப்பமாயிற்றே! வழக்கில் வென்றவர்கள் வாழ்வில் வெல்லவில்லை. தீர்ப்பு வழக்கறிஞர்க்குக் கிடைத்தது. பால்விலை உழவனுக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் நேரடி மானியக் காலத்திலும் இதே கதைதான்: மேன்முறையீட்டுக் குழு ஒன்று உண்டு, அது விசாரிக்கும், பரிந்துரைக்கும், இறுதி முடிவு அமைச்சருடையது. வாதியும் நீதிபதியும் ஒரே நாற்காலியில் அமர்ந்துவிட்டால், எதிரே நிற்பவன் யாரிடம் முறையிடுவான்?

"அப்படியானால் விருப்புரிமையே கூடாதா? வெள்ளம் வரும், வறட்சி வரும், கொள்ளைநோய் வரும். ஒவ்வொன்றுக்கும் சட்டம் எழுதிக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்பர். நியாயமான கேள்வி. விருப்புரிமை அறவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எந்த மலைக்கு எந்தப் புல், எந்த ஆற்றங்கரைக்கு எந்த மரம் என்று தீர்மானிக்க நிபுணர்க்கு இடம் வேண்டும். எட்டு அங்குல அளவுகோலால் எல்லா நிலத்தையும் அளக்க முடியாது. ஆனால் எதைத் தேர்வது என்பதில் சுதந்திரம் வேறு. கொடுத்த சொல்லை எப்போது மீறுவது என்பதில் சுதந்திரம் வேறு. முன்னது அறிவுக்குத் தரும் இடம். பின்னது அதிகாரத்துக்குத் தரும் இடம். முன்னதைக் காட்டிப் பின்னதைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். அதைத்தான் தடுக்கவேண்டும் என்கிறோம்.

தடுப்பது எங்ஙனம்? வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. நான்கே நான்கு போதும். ஒன்று, திட்டத்தை மூடுவதற்கு முன்னர் குறித்த கால அறிவிப்புத் தருதல் வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதவேண்டும். இணையத்தில் ஏற்றிய குறிப்பாக அன்று, சட்டமாக. இரண்டு, ஒதுக்கிய தொகையில் எவ்வளவு தீர்ந்தது, எவ்வளவு மிச்சம் என்பதை மாதந்தோறும் வெளியிடவேண்டும். மூன்று, மறுக்கப்படும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எழுத்திலே காரணம் தரவேண்டும். நான்கு, அந்தக் காரணத்தைச் சோதித்து முடிவே சொல்லும் அதிகாரம் அமைச்சரைச் சாராத ஒரு மன்றத்துக்கு இருக்கவேண்டும். பரிந்துரை சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்கும் மன்றம் வேண்டா. இவற்றில் எதற்காவது கருவூலத்திலிருந்து பெருந்தொகை எடுக்கவேண்டுமா? இல்லை. வேண்டியது பணமன்று, பணிவு. ஆள்வோர் சட்டத்துக்குப் பணியும் பணிவு!

2025 ஜூலையில் மூலதன மானியம் மீண்டும் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் பணம் தீர்ந்து மறுபடியும் மூடப்பட்டது. 2026 இன் தொடக்கத்தில், ஊக்கத் திட்டத்தைத் திருத்தியமைத்து மீண்டும் தொடங்கும் ஏற்பாட்டை அமைச்சர் அறிவித்தார். சிறுபண்ணையாளர்க்கும் இதுவரை ஒப்பந்தம் பெறாதோர்க்கும் முதலில் வாயில் திறக்கும். ஓர் ஒப்பந்தத்துக்கு ஆண்டுக்கு ஓர் இலட்சம் பவுனுக்கு மேல் இல்லை என்பன அதன் கூறுகள். சிறியவனுக்கு முதலிடம், பெரியவனுக்கு வரம்பு! நாம் கேட்ட நியாயத்தின் சாயல் அதில் இருக்கிறது, மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் கேட்கிறோம்: நல்லதைச் செய்தது எது? அதே 'லாம்'. நாளை அந்த நல்லதை அழிக்கக்கூடியது எது? அதே 'லாம்'. விருப்பத்தால் வந்த நன்மை விருப்பத்தால் போகும். கடமையால் வந்த நன்மையே நிலைக்கும்.

பகுத்தறிவு இளைஞர்கள் இதில் கூர்ந்து நோக்கவேண்டிய மனப்பான்மை ஒன்று உண்டு. வரம் கேட்கும் மனப்பான்மை அது. தவம் கிட, கண் திறக்கும்வரை காத்திரு, கிடைத்தால் அருள் என்று போற்று, கிடைக்காவிட்டால் ஊழ் என்று தேற்று. கோயில் வாயிலில் கற்ற இந்தப் பாடத்தை அலுவலக வாயிலிலும் ஒப்பிக்கிறான் மனிதன். மானியம் வந்தால் அமைச்சருக்கு நன்றி மடல். வராவிட்டால் தன்னை நொந்துகொண்டு பெருமூச்சு. ஆற்றைத் தூய்மையாக்கியவன், மண்ணைக் காத்தவன், நாட்டுக்கே நன்மை செய்தவன், தான் செய்த வேலைக்குக் கூலி கேட்கிறான். கூலி கேட்பவனைப் பிச்சை கேட்பவனாக்கி நிறுத்துவது எது? அமைச்சரின் நாற்காலி மட்டுமன்று, அந்த நாற்காலியை அரியணை என்று எண்ணும் நம் மனமும்தான்.

ஆகவே இளைஞர்காள்! எந்த நாட்டுச் சட்டமாயினும், எந்தத் துறையின் திட்டமாயினும், எவர் கையில் நீட்டப்படும் விண்ணப்பத் தாளாயினும், அதன் முகப்பில் அச்சிட்டிருக்கும் அழகிய நோக்கங்களைப் படித்து மயங்கிவிடாதீர். வினைச்சொல்லைத் தேடுங்கள். 'லாம்' என்றிருக்கிறதா, 'வேண்டும்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். முடிவு செய்பவர் யார், எத்தனை நாளுக்குள், என்ன காரணம் காட்டி, அந்தக் காரணத்தைச் சோதிப்பவர் யார் என்று கேளுங்கள். நான்கு கேள்விக்கும் விடை இருந்தால் அது உரிமை. விடை இல்லையேல், எத்தனை கோடி ஒதுக்கியிருந்தாலும் அது வெறும் வரமே. வரம் வேண்டி நிற்கும் வரிசையை நீளவிடாதீர். உரிமையை எழுத்தில் கேட்கும் வரிசையை நீளச் செய்வீர்!